முழங்காலுக்கு நல்ல நாள் எது?

(ஜீயபுரம் வாலிபர் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இக்கூட்டத்தில் நாம் பேச வேண்டிய விஷயம் முழங்காலைப் பற்றியதாகும். பகுத்தறிவுப் பிரசாரம் செய்கிறவர்களுக்கு முழங்காலிடத்தில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். தலையைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் காலைப் பற்றிப் பேச வந்து விட்டார்களே என்று சிலர் கேலியும் செய்யலாம். ஆனால் நம் மக்கள் தலையிலுள்ள குழப்பம் தலையோடு நின்று விடுவதில்லை. அது கீழே இறங்கிக் காலையும் கெடுக்கிறது. அதை எடுத்துக் காட்டவே இவ்விஷயத்தைப் பேச ஒப்புக் கொண்டோம்.

இந்த ஜீயபுரத்திலும், சுற்றிலுமுள்ள திருச்செந்துறை, அல்லூர், முத்தரசநல்லூர், பெருகமணி முதலிய ஊர்களிலும் கபடி அறியாத வாலிபன் கிடையாது. கபடி ஆடுகிற இடத்தில் முழங்கால் ஜவ்வு கிழிவதும் உண்டு. கிழிந்தவன் கடன் வாங்கியோ, நகையை அடகு வைத்தோ, சர்க்கார் ஆஸ்பத்திரியில் காத்திருந்தோ ஆபரேஷன் செய்து கொள்ளுகிறான். அதன் பிறகு அவன் கேட்கிற கேள்விதான் இந்தக் கூட்டத்தைக் கூட்டியவர்கள் நம்மிடம் கேட்ட கேள்வியும். அதாவது, "ஆபரேஷன் ஆகி ஆறு மாதம் ஆகிவிட்டது, வலியும் இல்லை, பொங்கல் போட்டியில் இறங்கலாமா?" என்பதுதான்.

தோழர்களே! இந்தக் கேள்வியில் ஒரு பெரிய தப்பு ஒளிந்து கொண்டிருக்கிறது. கல்யாணத்துக்கு நாள் பார்ப்பது போலவும், புது வீடு புக நாள் பார்ப்பது போலவும், முழங்காலுக்கும் நாள் பார்க்கிறோம். ஜோசியன் பஞ்சாங்கத்தை விரித்தால் நாம் சிரிக்கிறோம். ஆனால் காலண்டரைப் பார்த்து ஆறு மாதம் ஆயிற்று, ஆகவே கால் சரியாயிற்று என்று சொல்லும்போது மட்டும் அதைப் பகுத்தறிவு என்று நினைத்துக் கொள்ளுகிறோம். காலண்டர் முழங்காலுக்குள் எட்டிப் பார்த்ததா? இல்லை. ஆகையால் நாள் பார்க்காதீர்கள், அளந்து பாருங்கள் என்பதுதான் இன்று நாம் சொல்ல வந்தது.

நாம் வைத்தியருமல்ல, வைத்தியக் கல்லூரியில் வாசித்தவருமல்ல. நிபுணர்கள் சோதித்து எழுதி வைத்திருப்பதைப் படித்தும் கேட்டும் தெரிந்து கொண்டு சொல்லுகிறோம். உங்கள் காலை நேரில் தொட்டுப் பார்த்த டாக்டர் சொல்லுவதற்கு நம்முடைய பேச்சு ஒருக்காலும் பதிலாகாது. இதையும் முன்னதாகவே சொல்லி விடுகிறோம்.

கிழிவது எது?

முழங்கால் என்பது மேலே தொடை எலும்பும் கீழே கால் எலும்பும் சந்திக்கும் இடம். இரண்டையும் கட்டி வைத்திருப்பவை முக்கியமாக நான்கு நார்கள். இரண்டு பக்கத்துக்கு ஒவ்வொன்றும், உள்ளே ஒன்றையொன்று குறுக்கிட்டு இரண்டும் இருக்கின்றன. உள்ளேயிருக்கும் இரண்டில் முன்பக்கத்து நார்தான் அதிகமாகக் கிழிவது. ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள இந்தச் சிறு நார், கீழ் எலும்பு முன்னால் நழுவாமலும், முழங்கால் முறுக்கிக் கொள்ளாமலும் காக்கிறது. இதைத்தான் டாக்டர்கள் லிகமெண்ட் என்றும், நம் ஜனங்கள் ஜவ்வு என்றும் சொல்லுகிறார்கள்.

இது கிழிவதற்கு யாராவது வந்து மோத வேண்டும் என்பதில்லை. இப்படிக் கிழிவதில் பாதிக்கு மேல் ஒருவரும் தொடாமலேயே கிழிவதுதான். ஓடுகிறவன் சட்டென்று நின்று திரும்புகிறான், அல்லது குதித்தவன் கோணலாகக் காலை ஊன்றுகிறான். 'டப்' என்று உள்ளே ஒரு சத்தம் கேட்கிறது, சில மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்கி விடுகிறது. கபடியிலோ, பாடிப் போனவனுடைய கணுக்காலை ஒருவன் பிடித்துக் கொள்ள, உடம்பு ஒரு பக்கம் திரும்ப, நடுவில் அகப்பட்டுக் கொண்ட முழங்கால் முறுக்குகிறது. இதில் கண்ணேறும் இல்லை, செய்வினையும் இல்லை, சனியும் இல்லை. எலும்பு ஒரு பக்கம் போக, கால் ஒரு பக்கம் நிற்க, நடுவிலிருந்த நார் தாங்கவில்லை. அவ்வளவுதான் சங்கதி.

கட்டும் தாயத்தும்

கிழிந்தவுடன் நம் வீடுகளில் நடப்பது என்ன? எண்ணெய் போட்டு உருவுகிறார்கள். பச்சிலை வைத்துக் கட்டுகிறார்கள். மந்திரித்த கயிறு கட்டுகிறார்கள். சாமிக்கு வெள்ளியில் கால் செய்து போடுவதாக வேண்டிக் கொள்ளுகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிகிறது, வலி குறைகிறது, நடக்கவும் முடிகிறது. உடனே கயிறு கட்டினவனுக்கும், எண்ணெய் போட்டவனுக்கும், உண்டியலுக்கும் பெருமை போய்ச் சேர்ந்து விடுகிறது.

தோழர்களே! ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தாலும் அந்த வீக்கம் அந்த இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் வடியத்தான் செய்யும். வீக்கம் வடிவது வேறு, கிழிந்த நார் ஒட்டுவது வேறு. அந்த நாரின் இரு முனைகளும் மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் விலகிக் கிடப்பதால் அது சுலபத்தில் தானாக ஒட்டுவதில்லை. நேராக நடக்கும்போது ஒன்றும் தெரியாது. மறுபடியும் ஆடப் போய்ச் சட்டென்று திரும்பியவுடன் கால் நழுவி விடும். ஒவ்வொரு முறை நழுவும்போதும் உள்ளே மெத்தை போலிருக்கும் குருத்தெலும்புக்குச் சேதம். நார் ஒன்று போனதோடு நிற்க வேண்டியது, மூட்டையே தேய்த்து விடுகிறது. தாயத்து கட்டினவன் அப்போது வந்து பொறுப்பேற்பதில்லை. "உன் விதி" என்று ஒரே வார்த்தையில் தப்பித்துக் கொள்ளுகிறான்.

ஒவ்வொரு பங்குனி உற்சவத்திலும் ஸ்ரீரங்கத்துப் பெருமாள் இந்த ஜீயபுரத்துக்கு எழுந்தருளுகிறார் என்று சொல்லுகிறார்கள். எழுந்தருளுவது எப்படி? மனிதர்களுடைய தோளின் மேல்தான். அத்தனை தூரமும் நடப்பது சுமக்கிறவர்களுடைய முழங்கால்களே. அந்த முழங்கால்களில் ஒன்று கிழிந்து போனால் அவரும் டாக்டரிடம் போய்த்தான் ஆக வேண்டும். சுமந்தவர் கால் என்பதற்காக அது ஒரு நாள் முன்னதாக ஆறுவதில்லை. இது பக்தரைப் பழிப்பதற்காகச் சொன்னதல்ல. உடம்பின் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதற்காகச் சொன்னது.

ஆபரேஷன் மட்டும் போதுமா?

சாமியை நம்பின மனசு அதே மாதிரி ஆபரேஷனையும் நம்புகிறது. அறுத்துத் தைத்து விட்டார்கள், இனி ஒன்றும் பாக்கியில்லை என்று நினைக்கிறது. இதுவும் ஒருவகைக் குருட்டு நம்பிக்கைதான்.

சுவீடன் தேசத்தில் ஒரு சோதனை செய்து 2010-ஆம் வருஷம் வெளியிட்டார்கள். புதிதாக நார் கிழிந்த 121 வாலிபர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிப் பேருக்குச் சீக்கிரமாக ஆபரேஷனும் பயிற்சியும் கொடுத்தார்கள். மற்ற 59 பேருக்கு முதலில் பயிற்சி மட்டும் கொடுத்து, வேண்டியிருந்தால் பிறகு ஆபரேஷன் என்று வைத்தார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்ததில் இரு கூட்டத்தாருடைய முழங்கால் நிலையிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. பயிற்சியில் வைத்த 59 பேரில் 23 பேர்தான் அதற்குள் ஆபரேஷன் செய்து கொண்டார்கள். ஐந்து வருஷத்தில் அது ஏறக்குறையப் பாதிப் பேராயிற்று.

இதைக் கேட்டு ஆபரேஷனே வேண்டாமென்று நாம் சொல்லுவதாக யாரும் எடுத்துக் கொள்ள வேண்டாம். தொழிலாகவே ஆடுகிற ஆட்டக்காரர்களை அந்தச் சோதனையில் சேர்க்கவில்லை. திரும்பித் திரும்பி ஓடுகிற ஆட்டத்துக்குப் போக வேண்டியவனுக்கும், கால் அடிக்கடி நழுவுகிறவனுக்கும் ஆபரேஷன் வேண்டியதாகலாம். நாம் காட்ட விரும்புவது என்னவென்றால், இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக இருந்தது பயிற்சி என்பதைத்தான். கத்தி சிலருக்கு வேண்டும், சிலருக்கு வேண்டாம். பயிற்சியோ எல்லோருக்கும் வேண்டும். ஆனால் நம்மவர்கள் செலவுள்ள கத்தியை மதிக்கிறார்கள். காசில்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சியை மதிப்பதில்லை. காசு கொடுக்காத பொருளுக்கு மதிப்பில்லை என்பது சந்தையில் சரியாக இருக்கலாம், சரீரத்தில் சரியல்ல.

டாக்டர்கள் மாற்றிக் கொண்ட கதை

இங்கே ஒரு முக்கியமான சங்கதியைச் சொல்ல வேண்டும். முன் காலத்தில் இந்த ஆபரேஷன் செய்தவுடன் காலை மாவுக்கட்டில் வைத்து வாரக்கணக்காக அசையாமல் வைத்திருப்பார்கள். புது நார் அறுந்து போகுமென்று பயம். கட்டை அவிழ்த்தால் முழங்கால் மடங்காது, நீளாது, தொடை குச்சியாய் இருக்கும்.

அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரத்து டாக்டர் ஷெல்போர்ன் என்பவர் தம்மிடம் ஆபரேஷன் செய்து கொண்டவர்களைக் கவனித்து வந்தார். அவர்களில் சிலர் சொன்னபடி கேட்காதவர்கள். அசைக்காதே என்றால் அசைத்தார்கள், காலை ஊன்றாதே என்றால் ஊன்றி நடந்தார்கள். இவர்களுக்குக் கெடுதல் வந்திருக்க வேண்டும். ஆனால் பார்த்தால், சொன்னபடி கேட்டவர்களைவிட இவர்களுக்கே முழங்கால் நன்றாக இருந்தது! "என் சொல்லை மீறினவனுக்கு நல்லதாவது எப்படி?" என்று அவர் கோபித்துக் கொள்ளவில்லை. தம் சொல்தான் தப்பாயிருக்க வேண்டுமென்று யோசித்து, முதல் நாளிலிருந்தே காலை முழுக்க நீட்டவும், சீக்கிரமாக ஊன்றி நடக்கவும் வைக்கும் முறையை ஏற்படுத்தி, 1990-இல் அதை எழுதி வெளியிட்டார். அதற்குப் பிறகு உலகமெங்கும் முறை மாறிற்று.

தோழர்களே! இதுதான் அறிவுக்கும் சாஸ்திரத்துக்கும் உள்ள வித்தியாசம். சாஸ்திரத்தை மீறினவன் நன்றாயிருந்தால் 'அடுத்த ஜென்மத்தில் அனுபவிப்பான்' என்பார்கள். அறிவை மீறினவன் நன்றாயிருந்தால் அறிவு தன்னையே திருத்திக் கொள்ளுகிறது.

உடனே, 'அப்படியானால் நாமும் டாக்டர் பேச்சைக் கேட்க வேண்டாமே' என்று யாரும் கிளம்பி விடக்கூடாது. அந்த நோயாளிகள் செய்தது காலை நீட்டியதும் நடந்ததுந்தான், கபடிக்கு ஓடியதல்ல. அன்றியும், சிலருக்கு அந்த மெத்தைக் குருத்தெலும்பையும் சேர்த்துத் தைத்திருப்பார்கள். அவர்களுக்கு ஊன்றுவதிலும் மடக்குவதிலும் தனிக் கட்டுப்பாடு உண்டு. அதை ஆபரேஷன் செய்தவரிடம் கேட்டே நடக்க வேண்டும்.

வலி போன நாள் வேறு, வலு வந்த நாள் வேறு

ஆபரேஷனில் செய்வது என்ன? கிழிந்த நாரைத் தைப்பதில்லை பெரும்பாலும். உங்களுடைய பின்தொடையிலிருந்தோ, முழங்கால் சிப்பிக்குக் கீழிருந்தோ ஒரு நாரை எடுத்து, மேல் எலும்பிலும் கீழ் எலும்பிலும் துளை போட்டு, அதற்குள் கோத்து மாட்டி வைக்கிறார்கள். மாட்டின அன்று அது வெறும் கயிறுதான். அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. பிறகு அதற்குள் புது ரத்தக் குழாய்கள் வளர வேண்டும், புது அணுக்கள் குடியேற வேண்டும், பழைய சரக்கு கரைந்து புதுச் சரக்கு சேர வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய விந்தை என்னவென்றால், இந்த வேலை நடக்கும் முதல் சில மாதங்களில் நார் முதல் நாளிருந்ததைவிடப் பலங்குறைந்து, பிறகுதான் மெல்ல மெல்லப் பலம் பெறுகிறது. முழுவதும் மாறி முடிய ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். ஆனால் வலியோ முன்னதாகவே போய் விடுகிறது. அதாவது, நார் பலங்குறைந்திருக்கிற அந்தக் காலத்திலேயே மனிதன், "எனக்கு ஒன்றுமில்லை" என்று குதிக்கிறான். நடவு நட்ட மறுமாதம் வயல் பச்சைப் பசேலென்றுதான் இருக்கும். அதற்காக அரிவாளை எடுத்துக்கொண்டு போகிறவன் உண்டா? பச்சை வேறு, முற்றின நெல் வேறு.

என்ன செய்ய வேண்டும்?

முதல் இரண்டு வாரம் மூன்றே வேலைகள். வீக்கத்தைக் குறைப்பது, காலை முழுவதும் நேராக நீட்டுவது, முன்தொடைத் தசையை இறுக்கி விழிக்கச் செய்வது. நம் வீடுகளில் அன்பினால் முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பார்கள். இது தப்பு. முழங்கால் மடங்கினபடியே பழகிப் போகும். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்கால் தானே கீழே தாழும்படி விட வேண்டும். நேராக நீளாத கால் ஆயுள் முழுவதும் சாய்ந்து சாய்ந்தே நடக்கும்.

பிறகு சுமார் ஆறு வாரத்துக்குள் கோலின்றிச் சாய்வில்லாமல் நடக்கவும், சைக்கிள் மிதிக்கவும் பழக வேண்டும். சம்மணமும், குந்தி உட்காருவதும் டாக்டரோ பயிற்சியாளரோ சொன்ன பிறகே. அதற்கப்பால் தசைக்கு வேலை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, படி ஏறி இறங்குவது, முதலில் இரு காலால், பிறகு ஒரு காலால், பிறகு மணல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு. இதற்குப் பெரிய இயந்திரசாலை வேண்டாம். ஐந்து கிலோ மணலும் ஒரு படிக்கட்டும் இல்லாத வீடு இந்தக் காவேரிக்கரையில் ஏது?

மூன்று நான்கு மாதத்தில், வீக்கம் இல்லாமலும் தொடை பலமாகவும் இருந்தால் சமதரையில் நேராக ஓடலாம். ஆற்று மணலில் ஓடுவது பிறகு. அதற்கப்புறந்தான் குதித்து மெதுவாக இறங்குவது, திரும்புவது, சட்டென்று நிற்பது. ஒவ்வொரு படியிலும் ஒரே பரீட்சை. இன்று செய்ததற்கு நாளை முழங்கால் வீங்கினால், நேற்றுச் செய்தது அதிகம் என்று அர்த்தம். வீங்கவில்லையானால் அடுத்த படி ஏறலாம். வீக்கம் யாருக்கும் முகஸ்துதி செய்யாது.

அளப்பது எப்படி?

இனி ஆட்டத்துக்குப் போகலாமா என்பதை எப்படித் தெரிந்து கொள்ளுவது? ஆஸ்பத்திரிகளில் தொடை பலத்தை அளக்கக் கருவி உண்டு. அதோடு நாம் குழந்தையில் ஆடிய நொண்டியையே அவர்கள் சோதனையாக வைத்திருக்கிறார்கள். ஒற்றைக் காலில் ஒரு தாவல் எவ்வளவு தூரம்? தொடர்ந்து மூன்று தாவல் எவ்வளவு? கோட்டுக்கு இப்பக்கமும் அப்பக்கமும் மாறி மாறித் தாவினால் எவ்வளவு? ஆறு மீட்டரைத் தாவிக் கடக்க எத்தனை வினாடி? இரு காலுக்கும் தனித்தனியாக அளந்து பார்க்கிறார்கள். தொடை பலத்திலும் தாவலிலும் ஆபரேஷன் ஆன கால் மற்றக் காலில் நூற்றுக்குத் தொண்ணூறாவது வர வேண்டும்.

உதாரணமாக, நல்ல கால் 150 சென்டிமீட்டர் தாவினால் மற்றக் கால் 135-ஆவது தாவ வேண்டும். 120-தான் தாவுகிறது என்றால் அது 80 பங்குதான். அவன் வீட்டுக்குப் போய் இன்னும் பயிற்சி செய்ய வேண்டும், அவ்வளவே. இதிலும் ஓர் எச்சரிக்கை. மாதக்கணக்காக உட்கார்ந்திருந்தவனுக்கு நல்ல காலும் மெலிந்திருக்கும். இரண்டு காலும் சமமாகப் பலங்குறைந்திருப்பது ஒரு தேர்ச்சியாகாது. ஆகவே இரண்டுக்கும் பயிற்சி வேண்டும். இந்தத் தாவலை ஆரம்ப மாதங்களில் தானாகச் சோதித்துப் பார்க்கவும் கூடாது. பயிற்சியாளர் அனுமதித்த பிறகே செய்ய வேண்டும்.

இப்படி அளப்பதால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். ஆபரேஷன் செய்து கொண்ட 106 பேரை இரண்டு வருஷம் கவனித்து 2016-இல் கணக்கு வெளியிட்டார்கள். சோதனையில் தேறாமலே ஆட்டத்துக்குப் போனவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு மறுபடி முழங்காலில் அடிபட்டது. தேறிப் போனவர்களில் நூற்றுக்கு 6 பேருக்குக்கூட இல்லை. அன்றியும், ஒன்பதாவது மாதம் வரையில் ஆட்டத்தை ஒவ்வொரு மாதம் தள்ளிப் போடப் போட, மறுபடி அடிபடுவது ஏறக்குறையப் பாதி பாதியாகக் குறைந்தது. இருபத்தைந்து வயதுக்குட்பட்டு மறுபடி ஆட்டத்துக்குப் போகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இரண்டாந்தடவை, அதே காலிலோ மற்றக் காலிலோ, நார் கிழிகிறது என்றும் கண்டிருக்கிறார்கள்.

ஆகையால் ஒன்பது மாதம் என்பது வாசற்படி மாத்திரமே. அதற்கு முன் நுழையாதே என்று அர்த்தமே தவிர, அன்றைக்கு நுழைந்தே ஆக வேண்டும் என்று அர்த்தமல்ல. காலமும் வேண்டும், தேர்ச்சியும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் கோட்டுக்கு வெளியேதான்.

வேண்டினவர் யார்? நடந்தவர் யார்?

கிரிக்கெட் ஆட்டக்காரர் ரிஷப் பந்த் 2022 டிசம்பர் 30-ந் தேதி மோட்டார் விபத்தில் அடிபட்டார். முழங்கால் நார்கள் பல கிழிந்து, 2023 ஜனவரியில் பம்பாயில் ஆபரேஷன் ஆயிற்று. அவருக்காக வேண்டிக் கொண்டவர்கள் லட்சக்கணக்கானவர்கள். ஆனால் பெங்களூரில் நாள்தோறும் பயிற்சி செய்தவர் அவர் ஒருவரே. 2024 மார்ச்சில்தான், அதாவது சுமார் பதினைந்து மாதம் கழித்துத்தான், ஆட்டத்தில் இறங்கினார். அந்த ஜூனில் உலகக் கோப்பை வென்ற கூட்டத்திலும் இருந்தார். வேண்டுதலால் வருவதானால் அத்தனை லட்சம் பேர் வேண்டுதலுக்குப் பதினைந்து மாதம் எதற்கு?

மல்யுத்தப் பெண்மணி வினேஷ் போகாட் 2016-இல் ரியோ ஒலிம்பிக் களத்திலேயே முழங்கால் போய்த் தூக்கிச் செல்லப்பட்டார். அதோடு அவர் கதை முடிந்தது என்றார்கள். 2018-இல் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார். மல்யுத்தத்தில் அப்படி வாங்கிய முதல் இந்தியப் பெண் அவரே. 2023 ஆகஸ்டில் மறுபடி முழங்காலில் ஆபரேஷன். 2024 ஆகஸ்டில் பாரிஸில், அதுவரை வெளிநாட்டாரிடம் தோற்றறியாத ஜப்பானிய வீராங்கனையை வீழ்த்தி இறுதிப் போட்டி வரை போனார். எடை 100 கிராம் கூடியதென்று அங்கே தள்ளப்பட்டாரே தவிர, முழங்கால் அவரைக் கைவிடவில்லை.

இவர்களைச் சொல்லி எல்லோரும் இப்படியே ஆவார்கள் என்று ஆசை காட்ட நாம் வரவில்லை. அது பூசாரி வேலை. ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் கணக்கைச் சேர்த்து 2014-இல் பார்த்ததில், ஏதாவது ஒரு ஆட்டத்துக்குத் திரும்பினவர்கள் நூற்றுக்கு 81 பேர், பழைய தரத்துக்கே திரும்பினவர்கள் 65 பேர், போட்டி ஆட்டத்துக்குத் திரும்பினவர்கள் 55 பேர். திரும்பாதவர்களில் பலருக்குக் கால் சரியாகியும் மனத்தில் பயம் போகவில்லை. அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று ஏசுவதால் போக்க முடியாது. சிறு சிறு படியாக ஏற்றி, இன்று தாவினது நேற்றைவிட அதிகம் என்று எழுதிக் காட்டுவதால்தான் போக்க முடியும்.

பெண்கள் விஷயம்

நிற்க, பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரே ஆட்டத்தை ஆடினாலும் ஆணைவிடப் பெண்ணுக்கு இந்த நார் இரண்டு மூன்று மடங்கு அதிகமாகக் கிழிகிறது. உடனே, "அதனால்தான் பெண் ஆடக்கூடாது என்றோம்" என்று சில பெரியவர்கள் கிளம்புவார்கள். அப்படியல்ல. ஆட்டத்துக்கு முன்னால் குதித்து இறங்கவும், திரும்பவும், தொடையைப் பலப்படுத்தவும் ஒழுங்கான பயிற்சி கொடுத்தால் இந்தச் சேதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்று பல தேசங்களில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். சர்வதேசக் கால்பந்துச் சங்கம் '11 பிளஸ்' என்ற பெயரில் அப்படியொரு இருபது நிமிஷப் பயிற்சியைப் பரப்பியிருக்கிறது. ஆகவே பெண்ணுக்குக் குறைவாயிருந்தது பயிற்சி. அதைக் கொடுக்காமல் விட்டு ஆட்டத்தைப் பிடுங்குவது என்ன நியாயம்? பையனுக்கு ஆபரேஷன் ஆனால் "எப்போது ஆடுவாய்?" என்கிறோம். பெண்ணுக்கு ஆனால் "தழும்பு தெரியுமா, கல்யாணமாகுமா?" என்கிறோம். முழங்கால் இருவருக்கும் ஒன்றுதானே!

2022 நவம்பரில் சென்னையில் 17 வயதுக் கால்பந்து மாணவி ஒருத்தி இந்த மாதிரி லிகமெண்ட் ஆபரேஷனுக்குப் பிறகு இறந்து போனாள். ஆபரேஷனுக்குப் பின் போட்ட கட்டு இறுக்கமாயிருந்து ரத்த ஓட்டம் தடைப்பட்டு, காலையே எடுக்கும்படியாகி, அதற்கப்புறமும் உயிர் பிழைக்கவில்லை. இரண்டு டாக்டர்கள் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்கள். இதைச் சொல்லி ஆஸ்பத்திரியைக் கண்டு பயப்படும்படி நாம் சொல்லவில்லை. இந்த ஆபரேஷன் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நன்மையாகவே முடிகிறது. நாம் சொல்லுவது, வாயை மூடிக்கொண்டு வலியைச் சகிப்பது புண்ணியமல்ல என்பதைத்தான். கட்டுப் போட்ட பிறகு வலி தாங்க முடியாமல் ஏறினாலோ, பாதம் மரத்தாலோ, ஜில்லிட்டாலோ, நிறம் மாறினாலோ, விரலை அசைக்க முடியாவிட்டாலோ, அந்த நிமிஷமே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் கேட்காவிட்டால் அடுத்தவரிடம் சொல்ல வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், காய்ச்சல் வந்தாலும், மூச்சுத் திணறினாலும் அப்படியே. டாக்டரிடம் கேள்வி கேட்பது அவமரியாதை என்று நினைக்கிற அடிமைப் புத்தி நம்மை விட்டுப் போக வேண்டும். நல்ல டாக்டர் கேள்வியை விரும்புவார்.

ஊர் செய்ய வேண்டியது

கடைசியாக, காலை உடையவனிடம் மட்டும் இவ்வளவும் சொல்லிப் பயனில்லை. அவனைக் கெடுப்பது பெரும்பாலும் ஊர்தான். பொங்கல் வந்தால் "நம்ம ஊர் மானம் போகிறது, ஒரு ஆட்டம் இறங்கு" என்கிறோம். தயங்கினால் பயந்தாங்கொள்ளி என்கிறோம். அவனுக்கோ அந்த ஆட்டத்தை வைத்து ரயில்வேயிலோ போலீசிலோ ஒரு வேலை கிடைக்காதா என்ற ஆசை. வீட்டிலோ கூலி நின்று போய் அடுப்பு எரிவதே கஷ்டம். இப்படி நாலு பக்கமும் நெருக்கி, ஆறாத காலைக் களத்தில் தள்ளி, மறுபடி கிழிந்ததும் தலைவிதி என்கிறோம். ஊர் மானத்தைத் தூக்கி ஒருவனுடைய மூன்று சென்டிமீட்டர் நாரில் தொங்க விடுவது எந்த ஊருக்கு மானம்?

ஆகவே இந்த வாலிபர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். உங்கள் ஆட்டக் குழுவில் ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு அளவு நாடாவும் வாங்கி வையுங்கள். ஆபரேஷன் ஆனவனைத் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ, அவனுக்கு ஆபரேஷன் செய்த இடத்துக்கோ, பயிற்சிக்குத் தவறாமல் யாராவது ஒருவர் கூட்டிப் போங்கள். பஸ் சத்தத்தைக் குழு கொடுக்கட்டும். ஒவ்வொரு வாரமும் அவன் செய்ததை எழுதுங்கள். அவன் தனியாகப் பயிற்சி செய்யாமல் இருவர் கூட இருந்து செய்யுங்கள். உங்களுக்கும் அது நல்லதுதான். ஒன்பது மாதம் நிரம்பி, அளவும் தேறி, டாக்டரும் சரியென்று சொன்னால், முதலில் பழக்க ஆட்டத்திலும், பிறகு போட்டியிலும் இறக்குங்கள். இறங்கின பிறகும் அந்தப் பயிற்சியை விடாதீர்கள். போட்டி நடத்துகிறவர்களும் சான்று கேட்காமல் அப்படிப்பட்டவனைக் கோட்டுக்குள் விடக்கூடாது.

இந்தப் பொங்கல் போனால் அடுத்த பொங்கல் வரும். அது வராமல் போனதாக எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. கிழிந்த முழங்கால் மறுபடி மறுபடி கிழிந்தால், நாற்பது வயதில் வாழைத்தார் தூக்கவும் மாட்டான், வரப்பில் நடக்கவும் மாட்டான். உழைத்துப் பிழைக்கிறவனுக்கு முழங்கால்தான் நிலமும் சொத்தும்.

நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஏற்க வேண்டாம். நாடாவை எடுத்து அளந்து பாருங்கள். அளவு என்ன சொல்லுகிறதோ அதன்படி நடவுங்கள்.